பூட்டிக் கிடக்குற வீட்டுல குடியிருக்கிறவங்க: செட்டிநாட்டுப் பயணக் குறிப்புகள்

வியாழன் ராத்திரி, பள்ளத்தூர்

செட்டிநாடு போறேன்னு ஆபீஸ்ல லீவு கேட்டப்ப எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடுனாங்க. நல்லா சாப்பிடு, ஆத்தங்குடி டைல்ஸ் பாரு, அப்புறம் அவ்ளோ பெரிய பெரிய வீடெல்லாம் ஆளே இல்லாம பூட்டிக் கிடக்குது பாவம், அதையும் பாத்துட்டு வான்னு. கடைசி விஷயத்துலதான் எனக்கு ஆட்சேபனை. மனுஷன் இல்லங்கிறது வாஸ்தவம், ஆனா வீடு காலியா இல்ல. எத்தனையோ தலைமுறையா வாடகை குடுக்காம குடியிருக்கிற கூட்டம் உள்ள இருக்கு, அதுங்களப் பாக்கத்தான் நான் வந்திருக்கேன். தூண் போட்டோ வேணுங்கிறவங்களுக்கு யூடியூப்ல கொட்டிக் கிடக்கு.

கூட வந்த ஃப்ரெண்டு இந்த ஊர்ப் பையன், அவன் ஆயா வீட்டுலதான் தங்கல். அவனுக்கு ஆயா, எனக்கு ஆச்சி. பல்லவன் ரயில்ல வந்து காரைக்குடில எறங்கி ஆட்டோ புடிச்சு வீடு சேர்றப்ப நல்லா இருட்டிடுச்சு, மழை அப்பதான் விட்டிருந்துச்சு, செம்மண்ணு வாசனை மூக்கைத் தொளைக்குது.

இந்த மண்வாசனை இருக்கே, அது மண்ணோடதே இல்ல. மண்ணுக்குள்ள இருக்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ்ங்கிற பாக்டீரியா தயாரிக்கிற ஜியோஸ்மின்ங்கிற பொருளோட வாசனைதான் அதுல முக்கியமானது. டிபிக்கு குடுப்பாங்களே ஸ்ட்ரெப்டோமைசின், அதுவும் இந்தக் குடும்பத்துச் சரக்குதான். ஜியோஸ்மின் லட்சம் கோடி பங்குல ஏதோ அஞ்சு பத்து பங்கு கலந்திருந்தாலே நம்ம மூக்கு புடிச்சிரும். சரி, ஒரு பாக்டீரியா எதுக்கு வேலை மெனக்கெட்டு வாசனை விடணும்? 2020ல வந்த ஒரு ஆராய்ச்சி இதுக்கு பதில் சொல்லுது. மண்ணுல துள்ளித் திரியிற ஸ்பிரிங்டெயில்னு ஒரு பொடிப் பூச்சி இந்த வாசனையப் புடிச்சுக்கிட்டு வந்து பாக்டீரியாவைத் திங்குது, தின்னுட்டு அதோட வித்துகளை உடம்புல ஒட்டிக்கிட்டும் வயித்துல சுமந்துக்கிட்டும் போய் வேற எடத்துல எறக்கி விடுது. ஆக அது பூச்சிக்குப் போட்ட அழைப்பிதழ், நாமதான் பத்திரிகை இல்லாம பந்தியில உக்காந்துட்டு கவிதை எழுதிட்டு இருக்கோம்.

முகப்புல கால் வச்சதும் ஆச்சி "வாங்க தம்பி, சாப்டீகளா, அந்த லைட்ட அமத்துங்க, ஈசல் மொச்சுரும்"னாங்க. அதுக்குள்ள நூத்துக்கணக்குல வந்து விழுந்துருச்சு. ஃப்ரெண்டு "பாவம்டா, ஒரு நாள் வாழ்க்கை"ன்னான். பாதி உண்மை. பல்லி, தவளை, காக்காய்க்கெல்லாம் தப்பிச்ச ஒரு ஜோடி றெக்கைய உதுத்துட்டு மண்ணுக்குள்ள போயிட்டா அதுங்கதான் புது புத்துக்கு ராஜா ராணி. சில கரையான் இனத்துல ராணி 15, 20 வருஷம் கூட முட்டை போட்டுக்கிட்டு இருக்கும், ராஜாவும் அதே அறையில கூடவே கிடப்பாரு. தேனீயில ஆம்பளை ஒரு தடவை கூடுனதும் செத்துப் போயிடும், கரையான்ல அப்படி இல்ல, கடைசி வரைக்கும் குடும்பஸ்தன்.

இன்னொண்ணு, கரையானை வெள்ளை எறும்புன்னு சொல்றாங்களே, அதுக்கும் எறும்புக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, அது கரப்பான்பூச்சி வகையறா. நம்ம பக்கத்து புத்துக் கரையானுக்கு மரத்த முழுசா ஜீரணம் பண்ண வராது. மென்னு முழுங்கி எச்சமா போட்ட மரத்தூள்ல உள்ளுக்குள்ளயே காளான் வளக்கும், காளான் அதைப் பதப்படுத்தித் தரும், அப்புறம்தான் சாப்பாடு. இந்த விவசாயம் ஆரம்பிச்சு ஏறத்தாழ 3 கோடி வருஷம் ஆச்சுன்னு கணக்கு. மனுஷன் ஏர் புடிச்சு பத்துப் பன்னண்டாயிரம் வருஷம்தான். இதச் சொன்னா ஆச்சி அசரவே இல்ல, "அதத்தானே புத்துக் காளான்னு பறிச்சு கொழம்பு வப்பாக, எங்களுக்குத் தெரியாதா"ன்னுட்டு தோசை ஊத்தப் போயிட்டாங்க.

வெள்ளி, அதே வீடு

இன்னிக்கு வெளிய எங்கயும் போகல. ஃப்ரெண்டு கேமராவோட முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு சுத்துறான், நான் சுவத்தத் தடவிக்கிட்டு நிக்கிறேன். தொட்டுப் பாத்தாதான் தெரியும், நூறு வருஷம் தாண்டியும் வழவழன்னு பளிங்கு கணக்கா இருக்கு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் எல்லாம் சேத்து அரைச்சுப் பூசுனதுன்னு இங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதுல கெமிஸ்ட்ரிதான் ஜோரு. கிளிஞ்சல்ங்கிறது கால்சியம் கார்பனேட், காளவாய்ல போட்டு ஏறக்குறைய 900 டிகிரில சுட்டா கார்பன் டை ஆக்சைடு பறந்துரும், மிச்சம் சுட்ட சுண்ணாம்பு. அதுல தண்ணி ஊத்தித் தாளிச்சு, அரைச்சு சுவத்துல பூசுனதும் காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை மெதுவா உறிஞ்சி, வருஷக்கணக்குல திரும்பவும் கால்சியம் கார்பனேட்டாவே ஆயிடுது. அதாவது சிப்பியச் சுட்டு, பொடியாக்கி, பூசி, மறுபடி சிப்பியாக்குன சுவரு இது. இதுல எனக்குத் தோணுனது என்னன்னா, கடல்ல அந்தச் சிப்பிப் பூச்சி ஓடு கட்டுறப்பவும் சுண்ணாம்பு மட்டும் போடல, துளியூண்டு புரோட்டீனையும் சேத்துதான் கட்டுது, ஓடு வலுவா இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். நம்ம கொத்தனாருங்க லேப் இல்லாம, பேப்பர் எழுதாம, முட்டைய ஒடச்சு ஊத்தி அதையேதான் செஞ்சிருக்காங்க.

இந்தப் பளிங்குச் சுவத்துல மனுஷன் கை வழுக்குது, பல்லி தலைகீழா நடந்து போகுது. பசையும் கிடையாது, உறிஞ்சிப் புடிக்கிற வேலையும் இல்ல. கால் விரல்ல லட்சக்கணக்குல நுண்ணிய முடி, ஒவ்வொரு முடியும் நுனியில நூத்துக்கணக்கா பிரியும், அந்த நுனிங்க சுவத்துக்கு அவ்ளோ கிட்டக்க போறதால மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவுல இருக்கிற வாண்டர் வால்ஸ்ங்கிற சின்ன ஈர்ப்பே ஆளைத் தாங்கிருது. 2000ல அமெரிக்காவுல கெல்லர் ஆட்டம்ங்கிறவரோட குழு பல்லியோட ஒத்த முடிய எடுத்து அதோட இழுவைய அளந்து காட்டுனாங்க. அப்புறம் 2014ல இன்னொரு குழு, செத்த பல்லியும் உயிரோட இருக்கிற பல்லி அளவுக்கே ஒட்டுதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஒட்டுறதுக்கு எந்த முயற்சியும் வேண்டாம், கால எடுக்கத்தான் முயற்சி வேணும், விரல ஒரு கோணத்துல சுருட்டி உரிச்சு எடுக்கும். நான் இதப் பேசிக்கிட்டு இருக்கிறப்பவே ஒண்ணு உச்சுக் கொட்டுச்சு, ஆச்சி தரையத் தட்டி "பாத்தீகளா, உண்மைன்னு சொல்லிருச்சு"ன்னாங்க. பல்லி சாஸ்திரத்துல ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இதவிட நல்ல ரெவ்யூ கிடைக்காது.

கதவு, உத்தரம், தூண் எல்லாம் பர்மா தேக்கு. ராத்திரி அவ்ளோ ஈசல் விழுந்துச்சே, அந்தக் கரையான் ஏன் இதத் தொடலன்னா தேக்குக்குள்ள டெக்டோகுவினோன்னு ஒரு ரசாயனம் இருக்கு, கரையானுக்கு ஆகவே ஆகாது. ரெண்டாங்கட்டுல பின்னால போட்ட ஏதோ மட்ட மரத்து ரீப்பர மட்டும் முழுசா தின்னு தீத்திருக்கு, பக்கத்துலயே தேக்குச் சட்டம் கீறல் இல்லாம நிக்குது. மரக்கடைக்காரன் ஏமாத்தலாம், கரையான ஏமாத்த முடியாது.

பின்கட்டு சுவத்துல ஒரு ஆலங்கன்னு. எந்தக் குருவியோ பழத்தத் தின்னுட்டு வந்து எச்சம் போட்டது. இந்த வீட்டுக்கு உண்மையான எதிரி இவன்தான், வேரு விட்டு சுவத்தப் பொளந்துருவான். ஆனா அவன் கதையும் லேசுப்பட்டது இல்ல. அத்தி பூத்தாப்புலன்னு சொல்றோம், அத்தி, ஆலு, அரசு எல்லாத்துக்கும் பூ பழத்துக்குள்ளதான் இருக்கு, நாம காய்னு நினைக்கிறதே உள்பக்கமா பூத்த பூங்கொத்துதான். அதுக்குள்ள போக ஒரு துளிக் குளவிக்கு மட்டும்தான் வழி, அதுவும் பெரும்பாலும் மரத்துக்கு மரம் தனித்தனி இனக் குளவி. அந்த நுழைவு எவ்ளோ குறுகல்னா பொம்பளைக் குளவி உள்ள போறப்ப றெக்கையே பிஞ்சுரும், மகரந்தத்தச் சேத்துட்டு முட்டையும் போட்டுட்டு உள்ளயே செத்துரும். உள்ள பொறக்குற ஆம்பளைக் குளவிக்கு றெக்கையே கிடையாது, பொண்ணுங்களோட கூடிட்டு அதுங்க வெளிய போக சுரங்கம் தோண்டிக் குடுத்துட்டு அதே பழத்துக்குள்ள முடிஞ்சு போகும், ஆயுசு முழுக்க வெளிச்சத்தையே சரியா பாக்காம. இந்தக் கூட்டணி 7, 8 கோடி வருஷப் பழசு. ஆச்சிகிட்ட இதெல்லாம் சொல்லல, சொன்னா கன்ன வெட்ட வேணாம்னு பாவம் பாத்துருவாங்களோன்னு. நாளைக்கு ஆள் வருது வெட்ட.

பொழுது சாயுறப்ப மாடிக்குப் போனோம். ரொம்ப நாளா தொறக்காத அறை, கதவத் தொறந்ததும் ஃப்ரெண்டு கேமராவ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு குனிஞ்சுட்டான், வௌவாலுங்க. வௌவால் வீட்டுக்கு விருந்தாளி போனா நீயும் தொங்கு நானும் தொங்குறேங்கிற கதைதான். அதுங்க தொங்குறதுக்கு சக்தி செலவே இல்லை, உடம்போட எடையே கால் தசைநாண இழுத்துப் பூட்டிரும், அதனாலதான் தூங்குனாலும் விழறது இல்ல.

இதுல நம்ம ஊர்ப் பெருமை ஒண்ணு இருக்கு. 1970கள்ல மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல எம்.கே. சந்திரசேகரனும் மாரிமுத்து, சுப்புராஜ் ஆகியோரும் ஒரு கேள்வி கேட்டாங்க, வெளிச்சமே வராத குகைக்குள்ள தொங்குற வௌவாலுக்கு வெளிய சாயங்காலம் ஆனது எப்படித் தெரியும்? ஒரு இலைமூக்கு வௌவாலக் கூண்டுல போட்டு, மத்த வௌவாலுங்க குடியிருக்கிற குகையிலயே வச்சாங்க. வெளிச்சம் படாமலே அதோட உடம்புக் கடிகாரம் கரெக்டா 24 மணி நேரத்துல ஓடுச்சு. அதையே ஆள் இல்லாத தனிக் குகையில வச்சா கடிகாரம் தன் போக்குக்கு வெலகிப் போக ஆரம்பிச்சிருச்சு. அதாவது கூட்டம் கெளம்புற, திரும்புற சத்தத்த வச்சே அது நேரத்த சரி பண்ணிக்குது. உலகம் முழுக்க இதப் பத்தி பேசுறவங்க மதுரைய மேற்கோள் காட்டுறாங்க, நமக்கு மதுரைன்னா ஜிகர்தண்டாதான்.

முற்றத்துக்கு மேல உழவாரன் குருவிங்க கத்திக்கிட்டு வட்டம் போட்டுச்சு. உத்தரத்துக்கு அடியில எச்சியும் றெக்கையும் சேத்து ஒட்டுன கூடு. கால் விரல் அமைப்பே வேற மாதிரி, கிளையிலயோ கம்பியிலயோ உக்கார வராது, செங்குத்தா சுவத்தப் புடிச்சுத் தொங்கத்தான் தெரியும். இதோட ஐரோப்பியச் சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான், 2016ல ஸ்வீடன் லுண்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க அதோட முதுகுல குட்டிக் கருவி கட்டிப் பாத்தா சிலது 10 மாசம் தரையிலயே எறங்கல, திங்கிறது தூங்குறது எல்லாம் வானத்துலயே. இன்னொரு சொந்தம் மலேசியா பக்கம், எச்சிய மட்டுமே வச்சு கூடு கட்டும், அதத்தான் சீனாக்காரங்க சூப் வச்சுக் குடிக்கிறாங்க. இந்த ஊர் ஆளுங்க ஒரு காலத்துல வட்டிக்கடை வச்ச பினாங்குல பழைய கடைவீடுகள அந்தக் குருவிக்கே குடியிருக்க விட்டு கூடு அறுத்துக் காசு பாத்தாங்க. நம்மாளுங்க வீடு கட்டி குருவிக்கு சும்மா விட்டுட்டாங்க.

சனி, கொள்ளுக்குடிப்பட்டி

இன்னிக்கு எழுத நெறைய இருக்கு. திருப்பத்தூர் தாண்டி மதுரை ரோட்டுல போய் உள்ள திரும்பணும், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்னு போர்டு இருக்கும். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டின்னு கண்மாய்ங்க, மொத்தம் 38 ஹெக்டேர் சொச்சம், 1977ல அரசாங்கம் சரணாலயமா அறிவிச்சது. ஆனா அறிவிப்பெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே ஊர்க்காரங்க பறவைங்களப் பாத்துக்கிட்டுதான் இருந்திருக்காங்க. தீபாவளிக்கு இங்க வெடி கிடையாது, வனத்துறைக்காரங்க வந்து ஸ்வீட் குடுத்துட்டுப் போவாங்க. டீக்கடையில ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன், சின்னப் பிள்ளைங்க வெடி கேட்டு அழாதாய்யான்னு. "அழுகும், அதுக்குன்னு வீட்டுக்கு வந்த பிள்ளைத்தாச்சிய வெரட்ட முடியுமா"ன்னாரு. அவ்ளோதான், டீய குடிச்சுட்டுப் போயிட்டாரு.

கண்மாய்க்குள்ள பாதி முங்கி நிக்கிற கருவேல மரம் முழுக்க கூடு. சத்தம், நாத்தம், ரெண்டும் உண்டு, மழை நாள்ல வர்றவங்க பழைய செருப்பு போட்டுட்டு வாங்க. அந்த நாத்தம்தான் ஊருக்கு லாபமும். எச்சத்துல நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் இருக்கு, அது கரைஞ்ச தண்ணிதான் வயலுக்குப் போகுது.

நான் முக்கியமா பாக்க வந்தது நத்தை குத்தி நாரை. அதோட அலகு மூடுனாலும் மூடாது, நடுவுல ஒரு சந்து தெரியும், பாக்குவெட்டிய முழுசா மூடாம வச்ச மாதிரி. அதனாலேயே ரொம்ப நாளா அது நத்தைய பாக்கு மாதிரி நொறுக்கித் திங்குதுன்னு புஸ்தகத்துல எழுதி வச்சிருந்தாங்க. கிட்ட இருந்து கவனிச்சவங்க சொன்னது வேற. தண்ணிக்குள்ள நத்தைய மேல் அலகால அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, கீழ் அலகோட கூர் நுனிய நத்தை மூடிக்குள்ள நுழைச்சு, ஓட்டோட ஒட்டியிருக்கிற தசைய அறுத்து, சதைய மட்டும் இழுத்துருது. ஓடு பெரும்பாலும் ஒடையறதே இல்ல. கரையில கிடந்த ஓடுங்களப் பொறுக்கிப் பாத்தேன், முழுசு முழுசாத்தான் இருந்துச்சு. நிறைய நாரைக்கு கீழ் அலகு நுனி கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியிருக்கும். 19ம் நூற்றாண்டுல மதராஸ் பக்கம் டாக்டரா இருந்த ஜெர்டன், கண்ண மறைச்சு விட்டாலும் இந்த நாரை நத்தைய எடுத்துருதுன்னு எழுதியிருக்காரு, எல்லாம் தொடுகையிலதான். அதவிட ஆச்சரியம், குஞ்சுக்கு இந்தச் சந்தே கிடையாது. பைனாகுலர்ல பாத்தேன், கூட்டுல இருந்த குஞ்சுங்களுக்கு அலகு ஒழுங்கா மூடுது. வளர வளரத்தான் சந்து விழுது.

சரி நத்தை என்ன சும்மா ஆளா? இந்த ஆப்பிள் நத்தைக்கு ஒரு பக்கம் செவுளு, ஒரு பக்கம் நுரையீரல், தண்ணியிலயும் மூச்சு விடும் காத்துலயும் விடும். கோடையில கண்மாய் வத்துனா மூடிய இறுக்கச் சாத்திக்கிட்டு சேத்துக்குள்ள மாசக்கணக்குல தூங்கும், மழை பெஞ்சா எழுந்து வரும். நாரை வர்ற காலமும் அதுதான். மழை வரலன்னா நத்தை இல்ல, நத்தை இல்லன்னா இந்த நாரை எதுக்கு இங்க வரப் போகுது.

இவ்ளோ சத்தத்துலயும் பெரிய நாரைங்க வாயத் தொறந்து கத்தவே இல்லங்கிறத கவனிச்சீங்களான்னு ஃப்ரெண்டக் கேட்டேன், இல்லன்னான். நாரைக் குடும்பத்துக்கு குரல் தசை ரொம்பக் கம்மி, வளந்த நாரைங்க அலகத் தட்டித்தான் பேசும், சத்தம் போடுறதெல்லாம் குஞ்சுங்களும் மத்த பறவைங்களும். அப்புறம் மத்தியானம் வெயில் ஏறுனதும் ஒரு நாரை தன் கால்மேலயே எச்சம் போட்டுச்சு. ஃப்ரெண்டு மூஞ்சியச் சுளிச்சான். அது அசிங்கம் இல்லடா, ஏசி. அந்த ஈரம் காயுறப்ப கால்ல ஓடுற ரத்தத்துச் சூட்ட எடுத்துட்டுப் போயிடும், நாரைக் கால் வெள்ளையடிச்ச மாதிரி இருக்கிறதுக்கு இதான் காரணம்.

வக்கா, நீர்க்காகம், கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் இருந்துச்சு. எல்லாத்தையும் எழுதுனா விடிஞ்சுரும்.

ஞாயிறு, காரைக்குடி, குன்றக்குடி

மத்தியானம் காரைக்குடில ஒரு மெஸ்ல காடை வறுவல், நண்டு ரசம். காரம்னா அப்படி ஒரு காரம், கண்ணுல தண்ணி. பக்கத்து கொல்லையில ஒரு கிளி பழுத்த மிளகாய கடலை மிட்டாய் கணக்கா மென்னுக்கிட்டு இருக்கு, அதுக்கு ஒண்ணுமே இல்ல. காரம்ங்கிறது ருசியே கிடையாது, வலி. நம்ம நரம்புல சூட்ட உணர்றதுக்கு ஒரு வாசல் இருக்கு, 43 டிகிரிக்கு மேல போனா தொறக்கும், மிளகாய்ல இருக்கிற கேப்சைசின் அந்தப் பூட்டுல கள்ளச்சாவி போட்டுத் தொறந்துருது, மூளை வாய் வெந்து போச்சுன்னு நம்பிருது. 1997ல இந்த வாசலக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் குடுத்தாங்க. பறவைங்களோட வாசல்ல இந்தச் சாவி செல்லாது. மிளகாய்ச் செடியோட கணக்கும் அதுதான், எலி மாதிரி பல்லு வச்ச பிராணி தின்னா விதைய அரைச்சு வீணாக்கிரும், பறவை தின்னா விதை முழுசா வெளிய வந்து முளைக்கும், அதனால எலிக்குக் காரம், குருவிக்கு விருந்து. அமெரிக்காவுல காட்டு மிளகாய வச்சு 2001ல இதச் சோதிச்சு எழுதியிருக்காங்க. செடி கணக்குல வராத பிராணி மனுஷன், வலிக்குதுன்னு தெரிஞ்சே இன்னொரு கரண்டி கேக்குறான். மிளகாயே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்ச்சுகீசியர் மூலமா 16ம் நூற்றாண்டு வாக்குல வந்தது. அதுக்கு முன்னாடி செட்டிநாட்டுச் சமையல் எப்படி இருந்திருக்கும்னு சர்வர்கிட்ட கேட்டேன், "மிளகு போட்டிருப்பாக சார், பில்லு கொண்டாரட்டா"ன்னாரு.

சாயங்காலம் குன்றக்குடி. சண்முகநாதர் கோயில் மலையச் சுத்தி மயிலுங்க. சீசன் இல்ல, தோகை இன்னும் முழுசா வளரல, வருஷா வருஷம் உதுத்துட்டு புதுசா வளக்கணும் பாவம். அடிவாரத்துல கிடந்த ஒத்த இறகத் தூக்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தேன். இதுல நீலச் சாயமும் இல்ல, பச்சைச் சாயமும் இல்ல. இருக்கிறது எல்லாம் நம்ம முடியில இருக்கிற அதே கருப்பு மெலனின்தான். அந்த மெலனின் குச்சிங்கள இறகு நுணுக்கமா கட்டம் கட்டி அடுக்கியிருக்கு, அடுக்கோட இடைவெளி கொஞ்சம் மாறுனா தெறிக்கிற ஒளியோட நிறம் மாறிடும், நீலம் பச்சை மஞ்சள் பழுப்பு எல்லாம் அந்த இடைவெளி செய்யிற வேலை. 2003ல சீனாக்காரங்க மைக்ராஸ்கோப்ல பாத்துக் கணக்குப் போட்டுச் சொன்னாங்க. சாயம் இல்லாததால அது வெளுக்கவும் வெளுக்காது, ஸ்கூல்ல புக்குக்குள்ள குட்டி போடும்னு வச்ச இறகு இன்னும் அதே கலர்ல இருக்கும் பாருங்க.

மயில் தோகைய விரிச்சு உதறுறப்ப ஒரு சலசலப்பு கேக்குமே, அதுக்கு அடியில நமக்குக் கேக்காத தாழ்ந்த சத்தமும் கெளம்புதுன்னு கனடாவுல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, மத்த மயிலுங்களுக்கு அது கேக்குது. 2018ல இன்னொரு குழு கண்டுபிடிச்சது இன்னும் அழகு. பொம்பளை மயில் தலையில இருக்கிற கொண்டை இறகு, ஆம்பளை தோகைய உதறுற அதே வேகத்துலதான் இயல்பா அதிரும். அவரு அங்க ஆடுறது இங்க கொண்டையில உணர முடியும்னு அர்த்தம். முருகன் வாகனத்தப் பத்தி இதக் கோயில் வாசல்ல சொன்னா பக்கத்துல நின்ன அக்கா "அதான் சாமி அதுல ஏறுச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இதுக்கு மேல என்ன பேச.

இறக அங்கயே வச்சுட்டு வந்துட்டேன். ஃப்ரெண்டு எடுத்துக்கிட்டான்.

திங்கள், பள்ளத்தூர்

காலையில ஆத்தங்குடி போனோம், டைல்ஸ் பாத்தோம், நல்லா இருந்துச்சு, எல்லாரும் எழுதிட்டாங்க, விடுங்க.

ஊரணிக் கரையில தட்டான் கூட்டம் தாழப் பறந்துக்கிட்டு இருந்துச்சு, படித்துறையில துணி அலசுன அம்மா "இன்னிக்கு மழை இருக்கு"ன்னாங்க. இதுல மஞ்சளா ஒரு இனம் இருக்கு, உலகத்துலேயே ரொம்ப தூரம் போற தட்டான். மாலத்தீவுல கடல் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்த சார்லஸ் ஆண்டர்சன்ங்கிறவர், வருஷா வருஷம் அக்டோபர்ல லட்சக்கணக்குல தட்டான் வந்து எறங்குறதப் பாத்துட்டு யோசிச்சிருக்காரு, இந்தத் தீவுல தட்டான் முட்டை போட குளம் குட்டையே கிடையாதே, எங்கேர்ந்து வருது எங்க போகுதுன்னு. 2009ல எழுதுனாரு: இந்தியாவுலேர்ந்து கெளம்பி, உயரத்துல அடிக்கிற பருவக்காத்துல ஏறி, மாலத்தீவு வழியா ஆப்பிரிக்காவுக்குப் போகுது, அடுத்த மழைக்கு அதோட வாரிசுங்க திரும்பி வருது. ஒரு சுத்து 14,000லேர்ந்து 18,000 கிலோமீட்டர், அத முடிக்க நாலு தலைமுறை. கெளம்புன தட்டான் திரும்பி வராது, திரும்பி வர்றது பேரன் பேத்தி. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து யாவாரம் பண்ணப் போன இந்த ஊர்க்காரங்க கதையும் சில வீட்டுல அப்படித்தானே.

தட்டான் குஞ்சு தண்ணிக்குள்ள வேற ஆளு. பின்பக்கமா தண்ணிய உறிஞ்சி, அதையே பீய்ச்சி ராக்கெட்டா பாயும். கீழ் உதட்ட முன்னாடி நீட்டி மீன் குஞ்சு, தலைப்பிரட்டைன்னு புடிச்சுத் திங்கும். கொசுப் புழுவும் அதுக்கு டிபன், அதனால ஊரணிய மருந்தடிச்சு சுத்தம் பண்ணணும்னு கெளம்புறவங்க கொஞ்சம் யோசிங்க.

பசங்க தூண்டில்ல பனையேறிக் கெண்டை புடிச்சு வச்சிருந்தாங்க, தண்ணி இல்லாத வாளியில அது பாட்டுக்கு துள்ளிக்கிட்டு இருக்கு. தலைக்குள்ள காத்த சுவாசிக்க தனி உறுப்பு இருக்கு, மேல வர விடாம தண்ணிக்குள்ளயே அடைச்சு வச்சாத்தான் அந்த மீன் மூச்சு முட்டிச் சாகும். 1791ல தரங்கம்பாடியில டால்டார்ஃப்னு ஒரு டேனிஷ் லெப்டினன்ட் இது பனைமரத்துல ஏறுனதப் பாத்தேன்னு எழுதி, அது லண்டன் வரைக்கும் போய் அச்சாகி, அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல ஏறுமா ஏறாதான்னு சண்டை போட்டாங்க. தரையில செவுள் மூடியில இருக்கிற முள்ள ஊனி நகர்றது உண்மை. மரம் ஏறுறதப் பசங்கள்ல ஒருத்தனும் பாத்ததில்ல, ஆனா எல்லாருக்கும் பாத்த சித்தப்பா இருக்காரு.

மூட்டை கட்டிட்டு ஆச்சிகிட்ட சொல்லிக்கிட்டுக் கெளம்புறப்ப பாம்புப் பேச்சு வந்துச்சு. கொல்லையில போன வருசம் சாரையும் நாகமும் பின்னிக்கிட்டு ஆள் உசரத்துக்கு எழும்பி நின்னுச்சாம், ஆச்சி ஓடிப் போய் புது வேட்டி ஒண்ண மேல போட்டு, அதுங்க போனதும் எடுத்து பீரோவுல பத்திரமா வச்சிருக்காங்க, செல்வம் சேருமாம். நானும் சும்மா இருந்திருக்கலாம். ஆச்சி, சாரையும் நாகமும் சேராது, ரெண்டும் வேற வேற குடும்பம், நாகத்துல ஆணும் உண்டு பெண்ணும் உண்டு, சாரையிலயும் அப்படித்தான், அப்படிப் பின்னிக்கிட்டு எழும்பி நிக்கிறது பெரும்பாலும் ரெண்டு ஆம்பளைச் சாரை, மல்லுக்கட்டுது, யாரு யார கீழ அமுக்குறதுன்னு, கடிக்கிறதுகூட இல்லன்னு சொன்னேன்.

ஆச்சி கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. "அப்ப ரெண்டும் ஆம்பளையா?"

ஆமா ஆச்சி.

"எடத்துக்கு சண்டையா?"

எடத்துக்கும் இருக்கும், பொண்ணுக்கும் இருக்கும்.

"பங்காளிச் சண்டைக்கா நான் புது வேட்டி போட்டேன்"னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. "இந்த வீட்டுக்கே பதினெட்டு பங்கு, கோர்ட்டுல கெடக்கு. அது வேற பத்தலன்னு கொல்லையில ரெண்டா." அப்புறம் ஃப்ரெண்டப் பாத்து, "டேய், அந்த வேட்டிய எடுத்து ஒங்க பெரியப்பாவுக்குக் குடுத்துரு"ன்னாங்க.